அடுத்த வருஷம் பார்க்கலாம்



மலையில் சாரல் இறங்கிவிட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்விதான். "எப்பா, குத்தாலத்துக்கு எப்பம் போறோம்?" தகப்பன் எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து களைத்து வந்து, அப்போதுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். "பாப்போம்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொள்வான். "பாப்போம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைக்கு நன்றாய்த் தெரியும். ஆரோக்கியமான பிள்ளைக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தச் சாரல் போனால் அடுத்த சாரல் வரும்; குற்றாலம் அங்கேதான் இருக்கும்.

ஆனால் அடுத்த சாரலைக் காண்போமா என்று நிச்சயமில்லாத பிள்ளைகளும் இவ்வுலகத்தில் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்லுகிறோம்? இதைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் தூரதேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா என்ற மாநிலத்தில், டிஸ்னி என்பவர் பெயரால் விளங்கும் பெரியதொரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. ராட்டினங்களும், கோட்டைகளும், கதைகளில் வரும் எலியும் வாத்தும் இளவரசியும் நேரில் நடமாடுகிற வீதிகளும் அங்கே உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டுப் பிள்ளைகளின் பெரிய ஆசை. கொடிய வியாதியுள்ள பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்றி வைக்கும் தர்ம ஸ்தாபனங்களும் அந்நாட்டில் உண்டு. 1980-ம் ஆண்டில், அரிசோனா மாநிலத்தில் இரத்தப் புற்றுநோயால் வாடிய 7 வயதுச் சிறுவன் ஒருவன் போலீஸ்காரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவ்வூர்ப் போலீசார் அவனுக்கு அளவெடுத்து உடுப்புத் தைத்துக் கொடுத்து, தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவன் இறந்தான். அந்த ஒரு காரியத்திலிருந்து 'மேக் எ விஷ்' என்ற ஸ்தாபனம் உண்டாயிற்று.

அதே ஃபுளோரிடாவில் ஹென்றி லேண்ட்வர்த் என்று ஒரு ஹோட்டல் முதலாளி இருந்தார். அவர் 1927-ல் பெல்ஜியம் நாட்டில் பிறந்த யூதர். இரண்டாம் உலக யுத்தத்தில், சிறு பையனாக இருக்கும்போதே ஹிட்லருடைய சிறைமுகாம்களில் அடைக்கப்பட்டார். தாயும் தகப்பனும் கொல்லப்பட்டார்கள். விளையாட வேண்டிய வயது முழுவதும் அவருக்கு முள்வேலிக்குள் கழிந்தது. யுத்தம் முடிந்து வெறுங்கையனாய் அமெரிக்கா சேர்ந்தவர், ஹோட்டலில் சாமான்யமான வேலையில் தொடங்கி, பல ஹோட்டல்களுக்குச் சொந்தக்காரரானார். வியாதியுள்ள பிள்ளைகள் டிஸ்னி பூங்காவைப் பார்க்க வரும்போது, அவர்கள் குடும்பத்தோடு தங்கத் தம்முடைய ஹோட்டலில் இலவசமாக அறை கொடுத்துவந்தார்.

ஒருமுறை இரத்தப் புற்றுநோயுள்ள ஒரு சிறுமி வருவதாக ஏற்பாடு. அவளுக்கும் அறை ஒதுக்கப்பட்டது. ஆனால் பிரயாணம், நுழைவுச் சீட்டு, சாப்பாடு, வாகனம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோரிடத்தில் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. நாட்கள் ஓடின. எல்லாம் கூடி வருவதற்குள் சிறுமி இறந்துபோனாள். அறை காலியாகவே இருந்தது.

யாரும் அவளுக்கு 'இல்லை' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் 'ஆம்' என்றே சொன்னார்கள். எல்லாரும் நல்லவர்கள். தாமதம் ஒன்றுதான் குறுக்கே நின்றது.

அந்தக் காலி அறை லேண்ட்வர்த்தைத் தூங்கவிடவில்லை. இனி ஒரு பிள்ளைக்கும் இப்படி நேரக்கூடாது என்று தீர்மானித்து, 1986-ல் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1989-ல் கிசிம்மி என்ற ஊரில் இப்பிள்ளைகளுக்கென்றே ஒரு கிராமம் திறக்கப்பட்டது. வியாதியுள்ள பிள்ளையும், தாய் தகப்பனும், கூடப்பிறந்தவர்களும் ஒரு வாரம் அங்கே காசில்லாமல் தங்கலாம். பூங்காக்கள் நுழைவுச் சீட்டைத் தருமமாகக் கொடுக்கின்றன. காலைப் பலகாரத்துக்கு ஐஸ்கிரீம் கேட்டாலும் கொடுப்பார்கள். கிறிஸ்மஸ் பண்டிகையை அங்கே வாரந்தோறும் கொண்டாடுகிறார்கள். அது ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை. டிசம்பர் மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிச்சயமல்லவே. வந்துபோகும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு நட்சத்திரத்தில் எழுதப்பட்டு, அங்குள்ள மண்டபத்தின் கூரையில் ஒட்டப்படுகிறது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே தங்கியிருக்கின்றன. லேண்ட்வர்த் 2018-ல் காலமானார். தமக்குப் பறிபோன பிள்ளைப் பருவத்தை முன்பின் அறியாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. பம்பாயைச் சேர்ந்த உதய் ஜோஷி, கீதா ஜோஷி என்ற தம்பதிகள் கடும் வியாதியுள்ள தங்கள் மகனைச் சிகிச்சைக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவனுடைய ஆசையைக் கேட்டு, டிஸ்னி பூங்காவைக் காட்டினார்கள். அந்த நன்றியை மறவாத பெற்றோர் 1996-ல் அதே தர்மத்தை இந்தியாவில் தொடங்கினார்கள். 3 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது உதவிவருகிறது.

பிரியமானவர்களே, இவ்வளவு தூரம் பிறருடைய கதையைச் சொன்ன நான், இப்போது என் கதையையும் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் பிரசங்கத் தொட்டியில் நிற்கிறவன் தன் குற்றத்தை மறைத்து மற்றவர்களுக்குப் புத்தி சொல்லலாகாது.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறோர் ஊரில் உதவிக் குருவாயிருந்தேன். அங்கே ஏழு எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு இதே இரத்த வியாதி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவன் தாய் அவனைத் தூக்கிக்கொண்டு அலைவாள். தலைமயிர் எல்லாம் கொட்டிவிட்டது. நான் நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் அடுத்த வீடு அவனுடையது. ஒருநாள் என் அங்கியைப் பிடித்து இழுத்து, "சாமி, காமநாயக்கன்பட்டித் திருவிழாவுக்கு என்னைய கூட்டிட்டுப் போவீயளா? ராட்டினத்துல ஏறணும்" என்றான். பரலோக மாதா திருநாளுக்கு, ஆகஸ்ட் 15-ந் தேதிக்கு, இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எனக்கோ அந்த மாதம் ஓயாத வேலை. "நல்லாச் சொகமாயிட்டு அடுத்த வருஷம் ஏறலாம்டா" என்று தலையைத் தடவிவிட்டு வந்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று தலையை மட்டும் அசைத்தான்.

தபசுகாலத்தில் அவன் இறந்தான். அடக்கப் பூசையை நான்தான் வைத்தேன்.

அவன் போகக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போகலாம் என்றிருப்பாரோ, வேண்டாம் என்றிருப்பாரோ, அது எனக்குத் தெரியாது. கேட்கக்கூட இல்லை என்பதுதான் என் பாவம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். சர்வேசுரன் மன்னித்தார் என்று விசுவசிக்கிறேன். ஆனாலும் எந்தத் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைக் கண்டாலும் அந்தப் பையன் தலையசைத்தது கண்முன் வருகிறது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது நம் பெரியோர் வாக்கு. நன்மையை நாளைக்குத் தள்ளாதே, இன்றே செய் என்று வள்ளுவரும் போதித்தார். கையில் இருக்கும்போதே, 'போய் நாளைக்கு வா' என்று பிறனை அனுப்பிவிடாதே என்று பழமொழி ஆகமம் மூன்றாம் அதிகாரத்தில் வேதம் கட்டளையிடுகிறது. இதையெல்லாம் நான் குருமடத்திலேயே படித்திருந்தேன். படித்தவன்தான் அப்படிச் செய்தேன்.

இனி நமது ஆண்டவரைப் பாருங்கள். யாயீர் என்னும் செபாலயத் தலைவன் அவருடைய பாதத்தில் விழுந்து, சாகக் கிடக்கும் தன் மகளுக்காக மன்றாடினான். அவளுக்கு வயது 12. அர்ச். மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் இதைப் படிக்கலாம். சேசுநாதர் 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. அப்போதே எழுந்து கூடப் போனார். வழியில் தாமதம் நேர்ந்தது உண்மைதான். பெரும்பாடுள்ள ஸ்திரீ அவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். அவளுக்கும் அவர் நின்று பதில் சொன்னார். அந்தத் தாமதமும் மற்றொரு நோயாளிக்குச் செய்த இரக்கமேயன்றி, அசட்டையல்ல. அதற்குள் பிள்ளை இறந்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னபோதும் அவர் திரும்பிவிடவில்லை. வீட்டுக்குள் போய், பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பினார்.

அதன்பிறகு அவர் செய்த காரியத்தை நாம் சாதாரணமாய்க் கவனிப்பதில்லை. பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று சொன்னார். மரணத்தை ஜெயித்த ஆண்டவர், அந்த மகத்தான புதுமையைச் செய்த கையோடு, பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைத்தார்! தாய் தகப்பன் ஆச்சரியத்தில் திகைத்து நிற்க, பசியை நினைத்தவர் அவர் ஒருவரே. பிள்ளையின் சிறிய தேவை சர்வேசுரனுக்குச் சிறியதல்ல.

இங்கே ஒருவன் கேட்பான்: "சுவாமி, மருந்துக்கே பணமில்லாமல் தவிக்கிறபோது, ராட்டினத்துக்கும் பூங்காவுக்கும் செலவழிப்பது வீண் அல்லவா?" நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வி முன்னும் கேட்கப்பட்டது. பெத்தானியாவில் மரியம்மாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தை ஆண்டவருடைய பாதத்தில் ஊற்றியபோது, 300 வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான் யூதாஸ். தமது அடக்கத்தின் நாளுக்காக அவள் இதைச் செய்தாள் என்று ஆண்டவர் அவளுக்காகப் பேசினார். மரணம் நெருங்கியிருக்கும் ஒருவருக்குச் செய்யும் அன்பு விரயமாகாது என்பதை அவர் வாயாலேயே அறிகிறோம்.

வியாதிப் பிள்ளையின் நாளை எண்ணிப்பாருங்கள். எப்போது ஊசி, எதைச் சாப்பிடுவது, எந்த ஊருக்குப் போவது, யார் கிட்டே வரலாம் என்று எல்லாவற்றையும் மற்றவர்களே தீர்மானிக்கிறார்கள். அவனைக் கேட்டு நடப்பது ஒன்றுமில்லை. 'உனக்கு என்ன வேண்டும்?' என்று ஒருநாள் ஒருவர் கேட்டால், அன்று அவன் நோயாளி அல்ல, பழையபடி ஒரு பிள்ளை. எரிக்கோ வழியில் குருடனைப் பார்த்து, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று நமது ஆண்டவரும் கேட்டார் அன்றோ? அவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆயினும் கேட்டார்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லுகிறேன். ஆசையை நிறைவேற்றுவது மருந்துக்குப் பதிலாகாது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் என்றாலே மரணம் என்று நினைப்பது தப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறபடி, ஆண்டுதோறும் சுமார் 4,00,000 பிள்ளைகளும் இளையோரும் இந்நோய்க்கு ஆளாகிறார்கள். வசதியுள்ள நாடுகளில் அவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. வியாதியைத் தாமதமாய்க் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் இதற்கு முக்கியமான காரணங்கள். பார்த்தீர்களா, இங்கேயும் அதே தாமதம்! ஆகையால் விடாத காய்ச்சல், முகம் வெளுத்துப்போதல், அடிபடாமலே உடம்பில் கன்றிய தடங்கள், ஓயாத எலும்பு வலி இவற்றைக் கண்டால், திருஷ்டி என்று சொல்லிக் கயிறு கட்டிக்கொண்டிராமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நீளும். நடுவில் பிள்ளை தேறினதுபோல் தெரியும். அப்போது நிறுத்திவிடாதேயுங்கள். இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் சமயத்தில் கூட்டமும் அசுத்தத் தண்ணீரும் பிள்ளைக்கு ஆபத்து. ஆகவே திருவிழாவோ அருவியோ, டாக்டரைக் கேட்டே அழைத்துப் போகவேண்டும். ஆசை நிறைவேற்றப்படும் பிள்ளைகள் எல்லாரும் சாகிற பிள்ளைகளும் அல்ல. பிழைத்து வளர்ந்து, பிள்ளைகுட்டி பெற்றவர்களும் உண்டு.

கடைசியாக, எல்லா ஆசைகளுக்கும் மேலான ஓர் ஆசையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அயர்லாந்து தேசத்தில் கார்க் நகரத்தில் எல்லன் ஓர்கன் என்று ஒரு சிறு குழந்தை இருந்தாள். நெல்லி என்று செல்லமாய் அழைப்பார்கள். தாய் காசநோயால் இறந்துபோக, நல்லாயன் கன்னியர் அவளை எடுத்து வளர்த்தார்கள். அவளையும் காசநோய் பீடித்தது. முதுகெலும்பிலும் கோளாறு, உட்கார்ந்தாலும் வலி. அந்தக் குழந்தை பொம்மை கேட்கவில்லை, மிட்டாய் கேட்கவில்லை. தேவ நற்கருணையிலுள்ள ஆண்டவர் தன்னிடம் வரவேண்டும் என்று கேட்டாள். அக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதாகாமல் புது நன்மை கொடுப்பதில்லை. அவளுக்கோ 4 வயது. 'வளர்ந்த பிறகு பார்க்கலாம்' என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவ்வூர் மேற்றிராணியார் விசாரித்து உத்தரவு கொடுத்தார். 1907-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி, மாத முதல் வெள்ளிக்கிழமை, நெல்லி புது நன்மை வாங்கினாள். 1908 பெப்ருவரி 2-ந் தேதி, தேவமாதா சுத்திகரத் திருநாளன்று, ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து, 1910-ல், அர்ச். பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், புத்தி விவரம் தெரிந்த சிறு பிள்ளைகளுக்கும் நன்மை கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். இன்று நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே வெள்ளுடுப்பு உடுத்திப் பீடத்தண்டை வருவது அந்தக் கட்டளையின் பலனே.

நம் வீடுகளில் நடப்பதென்ன? நோயாளிக்கு மூச்சு இழுக்கிற நேரத்தில் குருவைத் தேடி ஓடிவருகிறோம். 'இப்போதே சாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்' என்று தள்ளிப்போடுகிறோம். முன்னே அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன தேவதிரவிய அனுமானத்தை இப்போது நோயில்பூசுதல் என்கிறோம். அது சாகிறவர்களுக்கு மாத்திரம் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாய்ப் போதித்தது. புத்தி விவரம் தெரிந்த பிள்ளை கடும் வியாதியாயிருந்தால் அதற்கும் கொடுக்கலாம். ஆகையால் வேளையோடு சொல்லியனுப்புங்கள். நடுராத்திரியானாலும் வருவேன். ஒருமுறை தாமதித்தவன் நான், இனி தாமதிக்கமாட்டேன்.

இந்த வாரம் நமது பங்கில் மூன்று காரியங்கள் நடக்கவேண்டும் என்று விரும்புகிறேன். முதலாவது, நீடித்த வியாதியுள்ள பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், எந்த மதத்தைச் சேர்ந்ததானாலும், என்னிடம் அல்லது வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் வந்து சொல்லுங்கள். காப்பீட்டு அட்டைக்கு எழுதிக்கொடுக்கவும், திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கோ மதுரைக்கோ போகிறபோது துணைக்கு ஆள் அனுப்பவும் நம்மால் முடியும். இரண்டாவது, அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். அமெரிக்கப் பூங்காவைக் கேட்கமாட்டான். பாம்புக்கோவில்சந்தை நிலையத்தில் ரயில் பார்க்கவேண்டும் என்பான். ஒரு பந்து கேட்பான். டாக்டர் சம்மதித்தால் அந்த வாரத்திலேயே செய்யுங்கள். மூன்றாவது, அந்த வீட்டில் சுகமாயிருக்கிற மற்றப் பிள்ளைகளை மறவாதேயுங்கள். தாய் தகப்பன் பார்வையெல்லாம் நோயாளியின்மேல் இருக்க, மூலையில் நிற்கிற அண்ணனும் தங்கையும் பசித்திருப்பார்கள்.

நல்ல தகப்பன்மாரே, இதை வாசித்த பிறகு உங்கள் பிள்ளை குற்றாலம் கேட்டால், முடியுமென்றால் நாள் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். 'பாப்போம்' என்று மட்டும் சொல்லாதேயுங்கள்.

சேசுவே, சிறு பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த ஆண்டவரே, வியாதியாய்க் கிடக்கும் பிள்ளைகளைத் தேவரீர் தொட்டருளும். அவர்களுடைய தாய்மாருக்குத் தைரியத்தைத் தாரும். நன்மை செய்ய மனதிருந்தும் காலம் தாழ்த்தின எங்களை மன்னித்து, இன்றைக்குச் செய்யவேண்டியதை இன்றைக்கே செய்யும் வரப்பிரசாதத்தை எங்களுக்குத் தந்தருளும். தேவரீருடைய வியாகுல மாதா எங்களுக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு